கல்லில் நின்ற ஊரார்: கழுகுமலையும் நம் இல்லத்து முதியோரும்

எங்கள் ஊர் ஜினாலயத்தில் திருப்பணி நடந்த ஆண்டில், ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் முன்னோர் பெயர்களை மூன்று தலைமுறை அளவுக்கு எழுதித் தர வேண்டும் என்று திருப்பணிக் குழுவினர் கேட்டுக்கொண்டனர். தாள் சிறியது, கேள்வியும் எளியது. தந்தையார் பெயரை எழுதினேன். பாட்டனார் பெயரை எழுதினேன். பாட்டனாரின் தந்தையார் பெயரும் நினைவில் இருந்தது. நிலப் பத்திரங்களில் அவர் பெயரைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெண்டிர் வரிசைக்கு வந்தபோது தாயார் பெயரும் பாட்டியார் பெயரும் எழுதியபின் கை நின்றுவிட்டது. பாட்டனாரைப் பெற்ற அம்மையாரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. அவர் மணமாகி வந்த நாள்முதல் இறுதி மூச்சு வரையில் அதே தெருவில், அதே வீட்டில் வாழ்ந்தவர். அவர் நட்ட நந்தியாவட்டை இன்றும் கிணற்றடியில் பூக்கிறது. அந்தப் பூதான் நாள்தோறும் பகவானுக்குப் போகிறது. பூ இருக்கிறது, பெயர் இல்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் குடும்பத்தாரோடு தென்பாண்டி நாட்டுச் சமணத் தலங்களுக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. அந்தப் பயணத்தில் கழுகுமலையில் நான் கண்டவற்றை, மேற்சொன்ன வெற்றுக் கட்டத்தை மனத்திற்கொண்டே எழுதுகிறேன்.

கழுகுமலை தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் அமைந்த சிற்றூர். கரிசல் நிலத்தின் நடுவே ஒற்றைக் குன்று. அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில் கொண்டுள்ள முருகப்பெருமான் திருக்கோயில். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தால் தமிழுலகு முழுதும் அறிந்த தலம் அது. குன்றின்மேல், ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கி, முற்றுப்பெறாமலே விடப்பட்ட வெட்டுவான் கோயில். இவ்விரண்டையும் காணவே பெரும்பாலோர் வருகின்றனர். வந்தவர்களுள் சிலர் இன்னும் சற்று நடந்து, நம்மவர்களின் பாறைக்கும் வருகின்றனர்.

அந்தப் பாறையை முதன்முறை பார்ப்பவர் கண்ணில் படுவது வரிசைதான். தாமரை இருக்கையில் அமர்ந்து, முக்குடை நிழலில் தியானத்தில் ஆழ்ந்த தீர்த்தங்கரர் திருமேனிகள், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஒரு வரிசையின் மேல் இன்னொரு வரிசையாக நிறைந்திருக்கின்றன. தனித்து நின்று நம்மை ஈர்ப்பவையும் உண்டு. கொடிகள் காலிலும் கையிலும் படர, அசையாது நிற்கும் பாகுபலி. அவர் இருபுறமும் பிராமியும் சுந்தரியும். கமடனின் இடையூற்றிலிருந்து தரணேந்திரன் காக்கப் பார்சுவநாதர். சிங்கத்தோடு நிற்கும் அம்பிகா யட்சி. அவள் முகத்தில் சிற்பி வைத்த தாய்மை நிறைந்த சாயலைப் பார்த்துக்கொண்டே என் மனைவியார் நெடுநேரம் வெயிலில் நின்றார். இச்சிற்பங்களின் அழகைப் பற்றி நம் மலர்களில் முன்பே பலர் எழுதியுள்ளனர். நான் சொல்ல வந்தது, அழகைத் தேடி வருபவர் குனிந்து பார்க்காத ஒன்றை. திருமேனிகளின் அடியில் சிறுசிறு எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன.

அவை வட்டெழுத்தில் அமைந்தவை. பாண்டிய நாட்டில் அன்று மக்கள் எழுதிய எழுத்து அதுவே. இன்று கற்றவர் துணையின்றி நம்மால் படிக்க இயலாது. ஏறக்குறைய 100 கல்வெட்டுகள் இம்மலையில் உள்ளன. தொல்லியல் அறிஞர்கள் அவற்றைப் படியெடுத்துத் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் அச்சிட்டுள்ளனர். காலம் எட்டாம் நூற்றாண்டும் அதனை ஒட்டியும் என்பர். அக்காலத்தில் இவ்வூர் திருநெச்சுரம் என்றும், குன்று அரைமலை என்றும் வழங்கின.

கல்வெட்டு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மன்னனின் மெய்க்கீர்த்தியும், நிலதானமும், வரிவிலக்கும், எல்லை விவரமுமே. கழுகுமலைக் கல்வெட்டுகளில் மிகப்பல அவ்வகையின அல்ல. ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. இன்ன ஊரினர், இன்னாரின் மாணாக்கர் அல்லது இன்னாரின் மகன், இன்னாரைச் சார்த்திச் செய்வித்த திருமேனி. அவ்வளவே. மன்னன் பெயர் இல்லை, ஆண்டும் இல்லை.

இதில் ‘சார்த்தி’ என்னும் சொல்லை நான் வீடு திரும்பிய பின்னும் மறக்க முடியவில்லை. ஒருவர் பொருட்டாக, அவர் நன்மையை எண்ணி, அவர் பெயரில் என்பது அதன் பொருள். திருமேனியைச் செய்வித்தவர் ஒருவர். அது யாரைச் சார்த்தியதோ அவர் வேறொருவர். கல்லில் இரண்டு பெயர்களும் நிற்கின்றன. செய்வித்தவர் தம் பெயரை மட்டும் பொறித்துக்கொண்டு போயிருக்கலாம். கூலி கொடுத்தவர் அவர்தாமே. ஆனால் தம் ஆசிரியரை, தம் உறவினரை, தாம் மதித்த ஒருவரைத் தம்மோடு கல்லில் ஏற்றிவிட்டார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின் நாம் அவ்விருவரையும் சேர்த்தே படிக்கிறோம்.

யார் இவர்கள்? துறவிகளும் இருக்கின்றனர், இல்லறத்தாரும் இருக்கின்றனர். துறவிகளின் பெயர்கள் படாரர், அடிகள், குரவடிகள், பெரியார் என முடிகின்றன. இல்லறத்தாருள் தச்சர், குயவர், கொல்லர் முதலிய கைத்தொழிலாளரும், உழுதொழில் செய்தோரும் உண்டு என்று ஆய்வாளர் எடுத்துக்காட்டுகின்றனர். இச்செய்தி எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. சமணம் வணிகர்க்கும் அரசவைப் புலவர்க்கும் உரிய சமயமாகவே இருந்தது என்று எழுதுவோர் இன்றும் உளர். சக்கரத்தில் மண்ணை வைத்துச் சுற்றிய கையால் நாலு காசு சேர்த்து, தீர்த்தங்கரர் திருமேனி ஒன்றைச் செய்வித்து, அதனடியில் தன்னைப் பற்றி ஒரு வரி பொறிக்கச் செய்தவர் அந்தப் பாறையில் இருக்கும்வரை அவ்வாறு எழுதுவது பொருந்தாது.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இக்கல்வெட்டுகளில் ‘குறத்தியார்’, ‘குறத்திகள்’ என்னும் சொல் பல இடங்களில் வருகிறது. இதனைக் குறவர் குலப் பெண் எனக் கொண்டு மயங்கியவர் உண்டு. குரவர் என்றால் ஆசிரியர். அதன் பெண்பாலே குரத்தி. கல்வெட்டில் அது குறத்தி என ஆயிற்று. ஆகவே இவர்கள் ஆசிரியப் பெண்மணிகள், ஆரியாங்கனைகள். திருச்சாரணத்துக் குறத்திகள் என ஒருவர் குறிக்கப்படுகிறார். திருச்சாரணம் என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. இவர்களுக்கு மாணாக்கர் இருந்தனர்; அம்மாணாக்கருள் ஆடவரும் இருந்தனர். ஓர் ஆண்மகன் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது, ‘நான் இந்த அம்மையாரின் மாணாக்கன்’ என்று கல்லில் சொல்லிக்கொண்ட காலம் அது. இன்றைக்கு என் பாட்டனாரின் தாயார் பெயர் எனக்குத் தெரியாது என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நாணமாக இருந்தது.

சிதறாலிலும் இதற்குத் துணைநிற்கும் சான்று உண்டு. விக்கிரமாதித்திய வரகுணன் என்னும் ஆய் மன்னனின் 28-ஆம் ஆட்சியாண்டில், அரட்டநேமி படாரரின் மாணாக்கியார் குணந்தாங்கிக் குறத்திகள் அங்குள்ள பகவதிக்குப் பொன் அணி அளித்த செய்தியை அங்குள்ள கல்வெட்டுச் சொல்கிறது. வடக்கே ஆர்க்காட்டுப் பக்கத்து விளாப்பாக்கத்தில், முதலாம் பராந்தக சோழனின் 38-ஆம் ஆண்டில், திருப்பான்மலை அரிட்டநேமி படாரரின் மாணாக்கியார் பட்டினிக் குறத்தியார் கிணறு ஒன்று தோண்டுவித்தார். ஊருக்குத் தண்ணீர் வேண்டும் என்று நினைத்த ஒரு தவமூதாட்டியை நமக்குக் காட்டுவது அந்தக் கிணற்றுக் கல்தான். அது இல்லையேல் அவர் இல்லை.

கழுகுமலைக்குத் திரும்புவோம். அங்கே வந்து திருமேனி செய்வித்தவர்கள் எல்லாரும் உள்ளூராரும் அல்லர். நாகர்கோயிலை ஒட்டிய திருக்கோட்டாற்றிலிருந்து வந்திருக்கின்றனர், திருச்சாரணத்திலிருந்து வந்திருக்கின்றனர். நம் வாசகர்க்கு உவப்பான ஒரு பெயரும் அங்கே உண்டு: திருநறுங்கொண்டை. ஆம், உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகில் அப்பாண்டைநாதர் எழுந்தருளியுள்ள அதே திருநறுங்கொண்டைதான். அவ்வூரைச் சேர்ந்த பலதேவக் குரவடிகளின் மாணாக்கர் கனகவீர அடிகள் கழுகுமலையில் ஒரு திருமேனி செய்வித்துள்ளார். சாலையும் ஊர்தியும் இல்லாத நாளில், துறவற விதிப்படி கால்நடையாகவே அத்துணைத் தொலைவும் சென்றவர். திருநறுங்கொண்டைக்கு ஆண்டுதோறும் போய்வரும் நம் குடும்பங்களுள் எத்தனை பேருக்குத் தென்கோடியில் அவ்வூரின் பெயர் பாறையில் நிற்பது தெரியும் என்று அறியேன். எனக்குத் தெரியாமல்தான் இருந்தது.

அம்மலையில் அன்று கல்வியும் நடந்தது. சித்தாந்தம் உரைக்கும் வைராக்கியர்களுக்கு உணவு அளிப்பதற்கென ஏற்படுத்திய அறக்கட்டளையைப் பற்றி ஒரு கல்வெட்டுப் பேசுகிறது. குணசாகர படாரர் என்னும் பெயரும் அங்கே காணப்படுகிறது. ஆகார தானம், சாத்திர தானம் என்று நாம் இன்றும் பிரித்துச் சொல்லும் தானங்களை அங்கே ஒன்றாகவே வைத்திருக்கின்றனர். படிப்பவருக்குச் சோறு, அவர் படித்ததை ஊருக்குச் சொல்வார். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இன்னொரு கல்வெட்டு வேறு வகைப்பட்டது. மாறஞ்சடையனின் 23-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. இம்மன்னன் பராந்தக நெடுஞ்சடையன் என்று ஆய்வாளர் கருதுவர். மலைநாட்டுக் கருநந்தன்மேல் பாண்டியன் படை சென்றதையும், அப்போரில் ஒரு தலைவனின் சேவகர் இருவர் உயிர் துறந்ததையும் அது கூறுகிறது. வரலாற்றுப் பேராசிரியர்கள் இக்கல்வெட்டை ஆய்–பாண்டியர் போருக்குச் சான்றாக எடுத்தாள்வர். அது அவர்கள் பணி. நான் அதில் பார்ப்பது, ஊருக்குத் திரும்பிவராத இரண்டு பேரை. அகிம்சையைப் போற்றிய மலையிலேயே போரில் மடிந்தவர்க்கும் ஒரு நினைவுக்கல் இருக்க இடம் கிடைத்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் செல்ல முடியவில்லை. செஞ்சிக்கு அருகில் உள்ள திருநாதர்குன்றத்தை நம்மில் பெரும்பாலோர் தரிசித்திருப்போம். 24 தீர்த்தங்கரர்களையும் ஒரே பாறையில் வடித்த அக்குன்றில், 57 நாள்கள் அனசனம் நோற்று உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு உள்ளது. சிறுவயதில் எங்களை அங்கே அழைத்துச் செல்லும் பெரியவர்கள் அந்த 57 நாள்களை விரல்விட்டு எண்ணச் சொல்வார்கள். பாதி எண்ணும் முன்பே எங்களுக்குப் பசி எடுத்துவிடும். அக்கல்வெட்டு ஒரு மாமுனிவரின் மரணத்தைப் போற்றுகிறது. அத்தகைய கற்கள் நமக்கு வேண்டும். அவை நம் அறத்தின் உச்சியைக் காட்டுகின்றன. கழுகுமலைக் கற்களோ உச்சியில் இல்லாதவர்களையும் காட்டுகின்றன. முனிவருக்கு ஆகாரம் அளித்தவர், திருமேனிக்குக் கூலி கொடுத்தவர், ஆசிரியை சொன்ன பாடத்தைக் கேட்டவர், அவர்கள் யாரை நினைத்துக்கொண்டு அதைச் செய்தார்கள் என்பது. நம் வரலாறு எழுதப்பட்ட முறையில் முதல் வகைக்கு இடம் மிகுதி; இரண்டாம் வகைக்கு இடம் குறைவு.

அண்மைக் காலத்திலும் இதே நிலைதான். ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர், சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். நச்சினார்க்கினியர் உரையோடு படித்தும் சமணக் கருத்துகள் விளங்கவில்லை. கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் இருப்பதை அறிந்து அவர்கள் இல்லம் தேடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் முதலானோர் ஐயங்களைத் தீர்த்தனர். சிந்தாமணியை முறையாகப் பாராயணம் செய்து நிறைவேற்றிய நாளை அவ்வீட்டார் விழாவாகக் கொண்டாடியதைக் கண்டு அவர் வியந்தார். தாம் ஓலைச்சுவடிகளில் தேடிக்கொண்டிருந்த நூல் பக்கத்துத் தெருவில் உயிரோடு இருந்தது! அந்நூல் 1887-இல் அச்சேறியது. இவ்வளவும் நமக்குத் தெரிவது, ஐயரவர்கள் நன்றி மறவாமல் ‘என் சரித்திரம்’ நூலில் எழுதி வைத்ததால். அவர் எழுதியிராவிட்டால் சந்திரநாத செட்டியார் என்று ஒருவர் இருந்தார் என்பதை இன்று யார் சொல்வார்? நம்மவர் எவரும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றியிராது. வீட்டில் சிந்தாமணி படிப்பது அவர்களுக்கு அவ்வளவு இயல்பு. அன்று வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியவர் யார், பாயசம் வைத்தவர் யார், அடுக்களையிலிருந்தே பாடலைச் சொல்லித் திருத்தக்கூடிய மூதாட்டி யாரேனும் அவ்வீட்டில் இருந்தாரா என்பவை போயே போய்விட்டன.

மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1954-இல் வெளியிட்ட ‘சமணமும் தமிழும்’ நூலில் தமிழகத்துச் சமண ஊர்களை எல்லாம் தேடித் தொகுத்தார். சமணர் அல்லாத ஒரு தமிழறிஞர் நமக்குச் செய்த தொண்டு அது. ஊர்களின் பட்டியல் அவரால் கிடைத்தது. அந்த ஊர்களில் வாழ்ந்தவர்களின் பட்டியலை அவரே வந்து எடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று.

பொன்னூர், விழுக்கம், வீடூர், பெருமண்டூர், கரந்தை, திருப்பனமூர், மேல்சித்தாமூர் என நம் ஊர்ப் பெயர்களைச் சொல்லும்போதே ஒவ்வொருவர்க்கும் ஒரு தெரு கண்முன் வரும். அத்தெருக்களின் இன்றைய நிலையும் நாம் அறிந்ததே. படிப்பும் வேலையும் பிள்ளைகளைச் சென்னைக்கும் அதற்கு அப்பாலும் கொண்டுசென்றன. அதில் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நானும் அப்படி வந்தவன்தான். திருவிழாவுக்குப் போகும்போது, சென்ற ஆண்டு திறந்திருந்த இரண்டு வீடுகள் இவ்வாண்டு பூட்டிக் கிடக்கக் காண்கிறோம். பூட்டிய வீட்டுத் திண்ணையில் முன்பு ஒருவர் அமர்ந்திருந்தார். அந்தி சாயுமுன் உணவு முடித்து, விளக்கேற்றும் வேளையில் சிறுவர்களைக் கூப்பிட்டு ஸ்ரீபுராணக் கதை சொன்னவர். கோயில் நிலத்துக் குத்தகை நெல்லை ஒரு மரக்கால் பிசகாமல் நாற்பது ஆண்டு அளந்தவர். தச லட்சண நாள்களில் ஊரில் எவர் என்ன நோன்பு என்பதை ஏட்டில் எழுதாமலே நினைவில் வைத்திருந்தவர். அவரைப் பற்றி எங்கே ஒரு வரி இருக்கிறது? மரண அறிவிப்பில் வயதும், காரியம் நடக்கும் நாளும் இருந்திருக்கும். அந்தத் தாளும் இப்போது இருக்காது.

நம் ஜினாலயங்களில் பளிங்குப் பலகைகள் இல்லாமல் இல்லை. நன்கொடையாளர் பெயரும் எதிரே தொகையும் வரிசையாக வெட்டப்பட்டிருக்கும். பெருந்தொகை மேலே, சிறுதொகை கீழே. கொடுத்தவரைப் போற்றுவது நன்றே. அதனை நான் குறை கூறவில்லை. ஆயினும் கழுகுமலையின் சிறுவரிகளைப் பார்த்து வந்த கண்ணுக்கு அப்பலகைகளில் ஒன்று குறைவாகத் தெரிகிறது. திருமேனிகளின் அடியில் தொகை இல்லை, உறவு இருக்கிறது. எவ்வளவு கொடுத்தார் என்பது மறைந்துவிட்டது. யாரைச் சார்த்திக் கொடுத்தார் என்பது நிலைத்துவிட்டது. நம் பலகைகளில் தொகைக்கு ஒதுக்கிய இடத்தை இந்த ‘சார்த்தி’க்குக் கொடுத்தால் என்ன என்று திருப்பணிக் குழுவில் ஒருமுறை கேட்டேன். பெரியவர் ஒருவர், ‘தொகை போடாவிட்டால் அடுத்த திருப்பணிக்குத் தொகை வராது, தம்பி’ என்றார். அனுபவம் பேசியது. இரண்டையும் வெட்டலாம் என்று பின்னர் முடிவாயிற்று. பலகை சற்றே பெரிதானது.

கழுகுமலையில் இன்று அந்தப் பழைய சங்கத்தின் குரல் கேட்பதில்லை. நாங்கள் போன அன்று ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவர் சுனையருகே அமர்ந்திருந்தார். திருமேனிகளை நோக்கிக் கைகூப்பிவிட்டு, ‘இவங்கல்லாம் இந்த ஊர்லயே இருந்த சாமிங்க’ என்று என் பேரனிடம் சொன்னார். எந்தச் சமயம், எந்தக் காலம் என்ற கணக்கு அவரிடம் இல்லை. ஊரில் இருந்தவர்கள் என்பது மட்டும் அவருக்கு உறுதி. என் பேரன் உடனே, ‘கீழே எழுதியிருப்பது அவங்க பேரா தாத்தா?’ என்று கேட்டான். அவங்க பேர் இல்லை, அவங்களை இங்கே வைத்தவங்க பேர் என்றேன். ‘நம்ம வீட்டுப் பேர் இருக்கா?’ என்றான்.

வீடு திரும்பியதும் ஒரு குறிப்பேடு வாங்கினேன். கழுகுமலை முறையையே பின்பற்றினேன்: பெயர், பிறந்த ஊர், இன்னாரின் மகன் அல்லது மகள், யாரிடம் படித்தார், என்ன தொழில், எதற்காக ஊரார் அவரை நினைக்கின்றனர். ஒருவருக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. நீண்ட வாழ்க்கை வரலாறு எழுதச் சொன்னால் யாரும் முன்வரமாட்டார்கள். ஒரு வரி என்றால் சொல்வார்கள். சொல்லத் தொடங்கிய பின் ஒரு வரியில் நிறுத்தவும் மாட்டார்கள். எங்கள் தெருவில் 23 வீடுகளுக்கு எழுதி முடித்திருக்கிறேன். முதியோருள் சிலர் தொலைபேசியில் பேச விரும்பவில்லை; நேரில் வா என்றார்கள். போனேன். ஒருவரிடம் இரண்டாம் முறை கேட்கப் போவதற்குள் காலம் முந்திக்கொண்டது. அவர் வரி பாதியில் நிற்கிறது. பிறந்த ஊர் வரையில் சொல்லியிருந்தார்.

என் பாட்டனாரின் தாயாரைப் பற்றி எங்கள் குடும்பத்தில் மூத்தவரான அத்தையாரிடம் கேட்டேன். எண்பதைக் கடந்தவர், நினைவு தெளிவு. அம்மையார் எப்படி இருப்பார், எட்டு நாள் நந்தீஸ்வர விரதத்தில் எப்படி நடந்துகொள்வார், யாருக்கும் தெரியாமல் யார் வீட்டுக்கு அரிசி கொடுத்தனுப்புவார் என்றெல்லாம் சொன்னார். பெயரைக் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். ‘எங்களுக்கெல்லாம் அவங்க ஆயா. பேர் சொல்லி யார் கூப்பிட்டாங்க?’ என்றார். பின்னர் ஏதோ நினைத்துக்கொண்டவராய், பரணில் பழைய பித்தளைப் பாத்திரங்கள் இருக்கும், எடுத்துப் பார் என்றார். அக்காலத்தில் பெண்ணுக்குச் சீர் கொடுக்கும் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பது வழக்கம் அல்லவா?

பரணில் ஒரு தவலையும் இரண்டு குடங்களும் ஒரு செம்பும் கிடைத்தன. தவலையின் கழுத்தில் புள்ளிப் புள்ளியாக எழுத்துகள். ஊரின் முதலெழுத்தும், தந்தையார் பெயரின் முதலெழுத்தும் தெளிவாக இருந்தன. அதன்பின் பெயர் வரும் இடம் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது; கடைசியில் ‘மதி’ என்னும் இரண்டு எழுத்துகள் மட்டும் விரலில் தட்டுப்பட்டன. நான்கு தலைமுறைப் பெண்கள் பண்டிகைக்குப் பண்டிகை பளபளக்கத் துலக்கிய துலக்கில் முன்பாதி போய்விட்டது.

குறிப்பேட்டில் அந்த இரண்டு எழுத்துகளையும் எழுதி, முன்னே இடம் விட்டு வைத்திருக்கிறேன். அம்மையார் பிறந்த ஊரில் அவர் தமையன் வழியினர் இருப்பதாக அத்தையார் சொன்னார். இத்திருவிழா முடிந்ததும் அங்கே போக எண்ணியுள்ளேன். தவலை இப்போது எங்கள் சென்னை வீட்டில் இருக்கிறது. அதைப் புளி போட்டுத் துலக்குவதை நிறுத்திவிட்டோம்.